சரக்கு, துறை, வணிகர்: அதிராம்பட்டினத்தின் இலங்கை வணிகமும் அயற்சந்தையில் நிலைத்தலும் (1830–1950)

ஆய்வுச் சுருக்கம்

வளரும் நாடுகளின் ஏற்றுமதியாளர்கள் அயல்நாட்டுச் சந்தையில் நுழைவதைக் காட்டிலும் அங்கு நிலைத்திருப்பதே கடினம் என்பது அண்மைக்காலப் பொருளியல் ஆய்வுகளின் முடிபாகும். அவ்வாய்வுகள் ஒரு சரக்கு ஒரு நாட்டுக்கு இடைவிடாது செல்லும் ஆண்டுகளைக் கொண்டே நிலைத்தலை அளக்கின்றன. தஞ்சைக் கடற்கரையின் சிறு துறையான அதிராம்பட்டினத்தின் இலங்கை வணிகத்தைச் சான்றாகக் கொண்டு, சரக்கு, துறை, வணிகர் ஆகிய மூன்றின் ஆயுளும் வேறுவேறானவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அரிசி விலைப்போட்டியில் தோற்றது. துறை இருப்புப்பாதையிடமும் நீராவிக் கப்பலிடமும் தோற்றது. வணிகரோ உறவு, கடன், மீள்சரக்கு ஆகியவற்றின் துணையால் இலங்கையில் நிலைத்தனர். அவர்களை இறுதியில் விலக்கியது சந்தையன்று, அரசுகள் வரைந்த எல்லையே என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: அதிராம்பட்டினம், மரைக்காயர், இலங்கை வணிகம், அரிசி ஏற்றுமதி, பாக் நீரிணை, நிலைத்தல், கரையோரச் சோனகர்.

முன்னுரை

வேற்று நாட்டுச் சந்தையில் முதல் சரக்கை இறக்குவது ஒரு செயல். பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அதே சந்தையில் விற்றுக்கொண்டிருப்பது வேறொரு செயல். இவ்விரண்டையும் பிரித்து நோக்கும் போக்கு பொருளியலில் பிற்காலத்தில்தான் வலுப்பெற்றது. அமெரிக்காவின் இறக்குமதித் தரவுகளை ஆராய்ந்த பெசெதெஷ், புருசா ஆகியோர் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு நாடு ஒரு பொருளை அச்சந்தைக்கு அனுப்பும் காலத்தின் இடைநிலை அளவு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளே எனக் காட்டினர். வளரும் நாடுகளின் ஏற்றுமதி விரைந்து அற்றுப்போவதன் காரணங்களை 2010இல் ஆராய்ந்த பிரென்டன் குழுவினர், அதே சந்தைக்கு வேறு பொருள்களை அனுப்பிய பட்டறிவும், அதே பொருளை வேறு சந்தைகளுக்கு அனுப்பிய பட்டறிவும் நிலைத்தலுக்குப் பெரிதும் உதவுவதாகக் கண்டனர்.

இம்முடிபுகள் வரலாற்றாய்வுக்கு ஒரு வினாவை விட்டுச் செல்கின்றன. சரக்கு நின்றுபோனால் வணிகமும் நின்றதாகப் பொருளா? புள்ளிவிவரத்தில் ஒரு சரக்கின் வரிசை அறுந்துவிட்டால் அதன் பின்னிருந்த மனிதர்களும் வெளியேறியதாகக் கணக்கில் கொள்ளலாமா? நெடுங்காலம் ஒரே சந்தையோடு உறவு கொண்டிருந்த ஒரு சிற்றூரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தேட ஏற்றது. பட்டுக்கோட்டை வட்டத்தில் பாக் நீரிணையை ஒட்டி அமைந்த அதிராம்பட்டினம் அத்தகைய ஊராகும்.

துறையும் பின்னிலமும்

சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர் குறித்த வரலாறு பெரும்பாலும் நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களை மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் கரையோர வணிகத்தை சி. அரசரத்தினமும், 1750 முதல் 1900 வரையிலான தமிழ் முஸ்லிம்களின் கடல்சார் வரலாற்றை ஜெ. ராஜா முகமதுவும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பினாங்கு நோக்கிச் சென்ற சூலியா வணிகரின் வரலாற்றைக் கூ சல்மா நசுத்தியோன் எழுதியுள்ளார். பெருந்துறைகளின் இவ்வரலாற்றில் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, தோப்புத்துறை போன்ற சிறு துறைகள் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகின்றன.

அதிராம்பட்டினத்துக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கரையோரக் கடல் ஆழமற்றது, சேறு படிந்தது. பெருங்கப்பல்கள் நெருங்க இயலாத இடம் அது. ஆயினும் அக்குறையே தோணிகளுக்கு வாய்ப்பானது. ஆழம் குறைந்த நீரில் செல்லும் தோணி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆழமற்ற துறைகளிலும் எளிதாக அணைந்தது. நீரிணையின் இருகரையும் ஒரே தன்மையுடையவை. ஆதலால் இருபுறமும் ஒரே வகை மரக்கலம் பயன்பட்டது.

பின்னிலமாக அமைந்தது காவிரிக் கழிமுகத்தின் நெல்வளம். அங்கிருந்து இலங்கைக்கு அரிசியும் நெல்லும் சென்றன. இலங்கையிலிருந்து கொட்டைப்பாக்கும் யாழ்ப்பாணத்துப் பனஞ்சட்டங்களும் தமிழகக் கரைக்கு வந்தன. 1830களில் கண்டி மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியதும் அரிசியின் தேவை பன்மடங்காயிற்று. தஞ்சை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து சென்ற தொழிலாளருக்குத் தோட்ட நிருவாகம் அரிசியை வழங்கி அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொண்டது. 1869இல் காப்பி இலைநோய் தோன்றி, பின்னர் தேயிலை பரவியபோதும் இவ்வரிசித் தேவை குறையவில்லை. உண்பவரும் விளைவிப்பவரும் ஒரே நிலத்து மக்களாக இருந்த இச்சந்தை தஞ்சை அரிசிக்கு உறுதியானது போலவே தோன்றியது.

சரக்கு விலகியது

அத்தோற்றம் நிலைக்கவில்லை. 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. 1850களின் இடையில் பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த அதன் நெல் விளைநிலம், 1930களில் எண்பது இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. அந்நிலத்தைத் திருத்தக் கடன் வழங்கியோர் நாட்டுக்கோட்டை நகரத்தார். அறுவடைக் களங்களிலும் அரிசி ஆலைகளிலும் உழைத்தோரில் தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் சென்றோர் மிகுதி. தஞ்சை அரிசியைச் சந்தையிலிருந்து வெளியேற்றிய போட்டியாளன் தமிழ் முதலீட்டிலும் தமிழ் உழைப்பிலும் வளர்ந்தவன் என்பது இவ்வரலாற்றின் முரண்.

இலங்கைத் தோட்டங்கள் மொத்தமாக வாங்கிய அரிசியில் விலையே முதன்மை பெற்றது. இரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாக இறங்கிய அரிசியோடு, தோணியில் மூட்டைகளாக வந்த அரிசி போட்டியிட இயலவில்லை. கழிமுகத்தின் மக்கள்தொகைப் பெருக்கமும் ஏற்றுமதிக்குரிய மிகுதியைக் குறைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் பர்மா அரிசி இலங்கையில் மேலோங்கியதோடு சென்னை மாகாணத்துக்குள்ளும் பெருமளவில் நுழைந்தது. 1937இல் பிரிக்கப்படும்வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தமையால் அதற்கெதிராகச் சுங்க வரி விதிக்கும் வாய்ப்பும் இல்லாதிருந்தது. 1930களின் பெருமந்தத்தில் தஞ்சை நில உடைமையாளர் அடைந்த நெருக்கடியைக் கிறிஸ்டபர் பேக்கர் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஜேம்ஸ் ரவுச் 1999இல் முன்வைத்த வேறுபாடு இங்குப் பொருந்துகிறது. தரமும் விலையும் எவருக்கும் ஒன்றாகத் தெரிகிற சரக்கில் உறவுகளுக்கு வேலை குறைவு. பொருளுக்குப் பொருள் தன்மை மாறும் சரக்கில்தான் அறிமுகமும் நம்பிக்கையும் விலைக்கு நிகராகின்றன. சிறு கடையில் விற்ற சம்பா அரிசி இரண்டாம் வகை. தோட்டம் மொத்தமாக வாங்கிய அரிசியோ முதல் வகை. தஞ்சை அரிசி தோற்றது இந்த முதல் வகைச் சந்தையில்தான்.

துறை விலகியது

துறையின் சரிவுக்குக் காரணம் வேறு. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தது. 1876இல் தூத்துக்குடி இருப்புப்பாதையோடு இணைக்கப்பட்டு, கொழும்புக்குச் செல்லும் நீராவிக் கப்பல்களின் முதன்மைத் துறையாக வளர்ந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடர்வண்டியோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கியது. பயணியும் அஞ்சலும் விரைவுச் சரக்கும் இவ்விரு வழிகளிலும் குவிந்தன.

தஞ்சை மாவட்டக் கழகத்தின் பொருளில் அமைந்த மாயவரம் – முத்துப்பேட்டை இருப்புப்பாதை 1894இல் திறக்கப்பட்டு, 1902இல் அதிராம்பட்டினம் வழியே பட்டுக்கோட்டை வரை நீண்டது. சிறு துறைக்கு வாழ்வளிக்கும் என எதிர்பார்க்கத்தக்க இப்பாதை இருமுனைக் கத்தியாயிற்று. உள்நாட்டு நெல்லைக் கரைக்குக் கொண்டுவர உதவிய அதே தண்டவாளம், கரையோரச் சரக்கையும் பயணியையும் பெருந்துறைகளுக்கு இழுத்துச் சென்றது. தோணிப் போக்குவரத்து உடனே அற்றுவிடவில்லை. பருவக்காற்றுக்கு ஏற்ப அது தொடர்ந்தது. ஆயினும் இலங்கை செல்லும் அதிராம்பட்டினத்து வணிகர் தம் ஊர்த்துறையில் கலம் ஏற வேண்டிய தேவை அற்றுப்போயிற்று.

வணிகர் நிலைத்தமைக்கான காரணங்கள்

சரக்கும் துறையும் விலகிய இதே காலத்தில் தமிழகக் கரையோர முஸ்லிம் வணிகர் இலங்கையில் பரவியிருந்தனர். குடிக்கணக்கெடுப்பு அவர்களை ‘இந்தியச் சோனகர்’ என உள்நாட்டுச் சோனகரிலிருந்து பிரித்துக் காட்டியது. ‘கரையோரச் சோனகர்’ என்றும் ‘சம்மாங்காரர்’ என்றும் அவர்கள் வழங்கப்பட்டனர். கொழும்புப் புறக்கோட்டையில் 1908, 1909ஆம் ஆண்டுகளில் எழுந்த செந்நிறப் பள்ளிவாசல் இன்றும் சம்மாங்கோட்டுப் பள்ளி எனப்படுகிறது. அரிசி ஏற்றுமதியில் தஞ்சைக் கரை பின்தங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அப்பள்ளி கட்டப்பட்டது என்பது கருதத்தக்கது. இந்நிலைப்புக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, இருகரையிலும் ஆள் இருந்தமை. சரக்கை அனுப்புவோர் ஒருவர், பெறுவோர் அறியாத மற்றொருவர் என்னும் அமைப்பு இங்கு இல்லை. உடன்பிறந்தார், மைத்துனர், மருமக்கள் என உறவினரே கடையில் இருந்தனர். முறைவைத்து ஊர் திரும்பினர். தமிழ் முஸ்லிம் ஊர்களில் வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்து செல்வோரைச் ‘சபுராளி’ என வழங்கும் சொல்லே இவ்வாழ்க்கை முறையின் சான்றாகும். பெண்ணுக்கு வீடு கொடுத்து, மணமகன் மனைவியின் இல்லத்தில் வாழும் மரைக்காயர் ஊர்களின் வழக்கம் இதனோடு இணைந்து இயங்கியது. கணவன் ஆண்டுக்கணக்கில் அயலில் இருப்பினும் மனைவியும் மக்களும் தாய்வீட்டுச் சுற்றத்தில் வாழ்ந்தனர். இடைக்கால மத்தியதரைக் கடலின் மக்ரிபி வணிகர் குறித்து அவ்னர் கிரைஃப் காட்டிய கூட்டு நற்பெயரின் காவல் இங்கும் செயற்பட்டது எனலாம். கொழும்பில் கணக்கைப் பிசகவிட்டவன் சொந்த ஊரில் மண உறவையும் இழக்க நேரிடும். நீதிமன்றம் செய்ய வேண்டியதை ஊர் செய்தது.

இரண்டாவது, கடன். கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்த நகரத்தார் வட்டிக்கடைகள் இலங்கையின் இந்திய வணிகருக்கு முதன்மையான நிதி ஊற்றாக விளங்கின. ஐரோப்பிய வங்கிகள் சிறு வணிகரை நேரே அணுகவில்லை. நகரத்தாரே இடைநின்று கடனும் உண்டியலும் வழங்கினர். மொத்த வணிகர் சில்லறைக் கடைக்கும், சில்லறைக் கடைக்காரர் சிற்றூர் நுகர்வோருக்கும் பற்றுக் கொடுக்க இந்நிதியே அடிப்படை. இவ்வூற்றின் முதன்மையை 1934ஆம் ஆண்டின் இலங்கை வங்கி ஆணையத்தின் விசாரணை வெளிப்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக 1939இல் இலங்கை வங்கி நிறுவப்பட்டது.

மூன்றாவது, சரக்கை மாற்றிக்கொள்ளும் திறன். வெறுங்கையோடு திரும்பும் தோணியின் செலவை ஒருவழிச் சரக்கே சுமக்க வேண்டும். கொட்டைப்பாக்கு போன்ற மீள்சரக்கு அச்சுமையைப் பகிர்ந்தது. மீள்சரக்கின் பயன் கூலியோடு நிற்கவில்லை; இருதிசையிலும் வாங்கவும் விற்கவும் பழகியவருக்கு இருசந்தையின் விலையும் தெரியும். ஆதலின் ஊர் அரிசிக்கு விலை கிடைக்காதபோது அரிசி வணிகர், இலங்கையில் பர்மா அரிசியையும் துணியையும் பலசரக்கையும் விற்கும் கடைக்காரராக மாற முடிந்தது. ஏற்றுமதியாளர் என்னும் நிலை மறைந்தது. வாடிக்கையாளரும் பற்றுவரவுப் பேரேடும் அவரிடமே இருந்தன. பிரென்டன் குழுவினர் தரவுகளில் கண்ட பட்டறிவின் பயன் வரலாற்றில் இவ்வடிவில் தோன்றுகிறது.

இவ்வணிகத்தின் ஆதாயம் ஊருக்குத் திரும்பியதையும் குறிப்பிட வேண்டும். மரைக்காயர் ஊர்களில் பள்ளிவாசல், மதரசா, அறக்கட்டளை ஆகியவை வணிகரின் கொடையால் வளர்ந்தன. எம்.கே.என். மதரசா அறக்கட்டளையின் கீழ் 1955இல் தொடங்கிய காதிர் முகைதீன் கல்லூரி அக்கொடை மரபின் தொடர்ச்சியாகும்.

நிலைப்பின் விலை

உறவுவழி நிலைத்தலைப் புகழ்ந்துரைப்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. அதன் முதல் விலையைச் செலுத்தியோர் பெண்கள். தாய்வீட்டுச் சுற்றம் அளித்த காப்பு உண்மையே. நெடுங்காலப் பிரிவும் உண்மையே. வணிகத்தின் இடரை வணிகரோடு குடும்பமும் சுமந்ததாலேயே குறைந்த முதலில் அக்கடைகள் இயங்கின. பேரேட்டில் அச்சுமைக்குப் பற்று இல்லை.

இரண்டாவது விலை, சந்தையின் நடுவே அயலாராகவே எஞ்சியமை. உள்ளே நம்பிக்கையை வளர்த்த அதே நெருக்கம் வெளியே ஐயத்தை வளர்த்தது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கி இலங்கையின் பல பகுதிகளுக்குப் பரவிய கலவரத்தில் கரையோரச் சோனகரின் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. கம்பளையில் பெரகரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடப்பது குறித்து எழுந்த வழக்கு அதன் சமயப் பின்னணி. சிற்றூர்க் கடை, கடன், விலையேற்றம் குறித்த மனக்குறை அதன் பொருளியல் பின்னணி. உலகப்போர்க்கால விலைவாசி அக்குறையை மேலும் கூர்மையாக்கியது.

உறவுவலை மட்டுமே நிலைப்பை உறுதிசெய்யும் என்னும் கருத்தை நகரத்தாரின் பர்மா வரலாறு மறுக்கிறது. அவர்களினும் செறிந்த வணிக வலை தமிழரிடையே அரிது. பெருமந்தத்தில் கடன் தீராத நிலங்கள் அவர்கள் கைக்கு வந்து, 1930களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் நெல் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் உடைமையாயிற்று. 1942இல் சப்பானியப் படையெடுப்பும், விடுதலைக்குப் பிந்தைய நிலச் சட்டங்களும் அவ்வுடைமையை அழித்தன. நிலத்தில் முடங்கிய முதல் பெயர முடியாதது. கடைச்சரக்காகவும் பற்றாகவும் சிதறியிருந்த முதல் இழப்பைத் தாங்கவும் இடம்பெயரவும் ஓரளவு வல்லது. வலையின் செறிவோடு முதலின் தன்மையும் நிலைப்பைத் தீர்மானிக்கிறது என்பதே இவ்வொப்பீட்டின் பயன்.

எல்லை வரையப்பட்டது

அரசின் கை திடீரென நீண்டதன்று. முதல் உலகப்போரை ஒட்டி இந்திய அரசு அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதால் 1919இல் இலங்கையிலும் மலாயாவிலும் அரிசி நெருக்கடி ஏற்பட்டது. இரண்டாம் உலகப்போரில் பர்மா வீழ்ந்தபின் இலங்கையில் அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. இறக்குமதி அரசின் பொறுப்பாயிற்று. 1952இல் இலங்கை சீனாவோடு இரப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. அரிசி வணிகம் அரசுகளுக்கு இடையிலான பேச்சாக மாறியபோது தனி வணிகருக்கு அதில் இடம் சுருங்கியது.

இதனினும் ஆழமான மாற்றத்தை 1948 கொண்டுவந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் நீரிணையை நாட்டெல்லையாக்கின. முறைவைத்துப் போய்வருதல் இவ்வணிகத்தின் உயிர்நிலை. தற்காலிக வதிவிட அனுமதியும் நுழைவுச்சீட்டும் அவ்வுயிர்நிலையைத் தாக்கின. செலாவணிக் கட்டுப்பாடு ஊருக்குப் பணம் அனுப்பும் வழியைச் சுருக்கியது. இலங்கையில் குடியுரிமை பெற்றுத் தங்குவது, கடையை விட்டு ஊர் திரும்புவது என்னும் இரண்டில் ஒன்றையே வணிகர் தெரிந்தெடுக்க நேர்ந்தது. இருகரையிலும் இருத்தல் என்னும் மூன்றாம் வழி சட்டத்தால் அடைபட்டது. விலைப்போட்டி செய்ய இயலாததை ஒரே ஆண்டின் இரு சட்டங்கள் செய்தன.

இன்றைய ஏற்றுமதிக்கு இதன் பொருத்தம்

தஞ்சைக் கரையின் இன்றைய ஏற்றுமதியாளர் வேறு வகை நிபந்தனைகளை எதிர்கொள்கின்றனர். கடலுணவில் உறவின் இடத்தைத் தரச்சான்று பெற்றுள்ளது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்தபோது, பதப்படுத்தும் கூடங்களைச் சீரமைக்க முடிந்த நிறுவனங்களே அச்சந்தையில் தொடர்ந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகள் குறித்து அளித்த தீர்ப்பு, ஏற்றுமதியின் சுமை உள்ளூர் நிலத்திலும் நீரிலும் விழுவதை நினைவூட்டியது.

அரிசியில் பழைய பாடமே மீள்கிறது. பாசுமதியல்லாத அரிசிக்கு 2008இல் விதிக்கப்பட்ட ஏற்றுமதித் தடை 2011 வரை நீடித்தது. 2023 சூலையில் பாசுமதியல்லாத வெள்ளை அரிசிக்குத் தடையும், ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரியும் வந்தன. இவை 2024இல் விலக்கப்பட்டன. உள்நாட்டு உணவுப் பாதுகாப்பு முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கதவு எப்போது மூடும் என அறியாத வாங்குநர் வேறு நாட்டை நாடுவது இயல்பு. 1919இன் நெருக்கடி காட்டியதும் அதுவே. தடை நீங்கினால் சரக்கு மீண்டும் புறப்படலாம். வாங்குநரின் நம்பிக்கை அதே வேகத்தில் திரும்புவதில்லை.

முடிவுரை

அதிராம்பட்டினத்தின் இலங்கை வணிகம் சில முடிபுகளுக்கு இடந்தருகிறது. சரக்கின் ஆயுளைக் கொண்டு மட்டும் நிலைத்தலை அளப்பின், இவ்வணிகம் பர்மா அரிசியின் வரவோடு முடிந்ததாகவே தோன்றும். துறையின் ஆயுளைக் கொண்டு அளப்பின், 1914க்குப் பின் பேசுவதற்குச் சிறிதே எஞ்சும். வணிகரைப் பின்தொடர்ந்தால் அதன் ஆயுள் 1948 வரை நீள்கிறது. எதனை அளக்கிறோம் என்பது எதனைக் காக்க முயல்கிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது. சரக்குக்கு மட்டும் ஊக்கத்தொகை வழங்கும் கொள்கை, வாங்குநரோடு கொண்ட உறவையும் சிறு வணிகரின் கடன் வழியையும் கணக்கில் கொள்ளாது விடுகிறது.

இருகரையிலும் இருந்த ஆட்கள், எட்டிய கடன், மாற்றிக்கொள்ளத்தக்க சரக்கு ஆகிய மூன்றும் சிறு வணிகரை நிலைக்கச் செய்தன. இம்மூன்றுக்கும் அடியில், போய்வர இடந்தந்த ஒரு திறந்த நீரிணை இருந்தது. அது திறந்திருந்தவரை அதன் மதிப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மூடிய பின்னரே வணிகர் அதன் விலையைக் கொடுத்தனர். பிற்காலத்தில் அதே ஊரார் வளைகுடா நாடுகளுக்குப் பெரும்பாலும் கூலி பெறும் பணியாளராகச் சென்றனர். கடல் கடக்கும் வழக்கம் தொடர்ந்தது. கடலின் இருகரையிலும் சொந்தக் கடை வைத்திருந்த நிலை தொடரவில்லை. ஏற்றுமதி வரலாற்றில் இழப்பு என்பதை அளக்க வேண்டிய இடம் இதுவேயாகும்.